பைக்குள் ஒரு கல்மரம்

பதட்டம் என்னோடு கூடப் பிறந்தது. கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், மாட்டுங்கா ஸ்டேஷன் வரை போனவள் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். வாசல் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சரியாக இழுத்தேனா என்று இன்னொரு தடவையும் இழுப்பேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘டென்ஷன் டப்பா’. தாராவியில் எங்கள் சந்தில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயர் மறந்தே போயிருக்கும்.

அதனால், கல்லாய்ப் போன மரங்களைப் பார்க்கப் போகவேண்டும் என்று மகள் சொன்னபோது எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கல்லுக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது? தொலைந்து போகாது, காய்ச்சலில் படுக்காது, ரயிலைத் தவறவிடாது. “அங்கயாச்சும் நீ நிம்மதியா இருப்பம்மா” என்றாள்.

அவள் தாவரவியலில் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம். கல்மரங்களைப் பற்றி ஓர் ஆய்வு எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம், திருவக்கரையில், அரசாங்கம் வேலி போட்டுப் பாதுகாக்கிற கல்மரப் பூங்கா இருக்கிறது. அங்கே போய்ப் படமெடுத்து, அளந்துகொண்டு வர வேண்டும். அவளுடைய கல்லூரி மேடம் பூங்கா அதிகாரியிடம் போனில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்திருந்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். படம் எடுக்கலாம், அளவு எடுக்கலாம், வேறு எதையும் எடுக்கக் கூடாது. ஒரு சில்லு கையோடு வந்தாலும் சட்டப்படி குற்றம். ஆய்வு அதோடு முடிந்தது, பட்டமும் போச்சு.

கீழே அவளுடைய அப்பாவின் தையல் மெஷின் தடதடவென்று ஓட, மேலே பரணில் குப்புறப் படுத்துப் படித்த பெண். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் எம்.எஸ்ஸி.யை இதுவரை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அந்த எச்சரிக்கையை அவள் சொன்ன நிமிஷமே என் ஆறுதல் போய்விட்டது.

தனியாகப் போய்வருகிறேன் என்றாள். விடுவேனா? கிங்ஸ் சர்க்கிளில் நான் வேலை பார்க்கும் ஜாக்கெட் துணிக்கடையில் லீவு சொன்னேன். “நீ அங்கன போயி புள்ளையையும் சேத்து டென்ஷன் பண்ணுவ. நானும் வாரேன்” என்று அவரும் தோல் பைப் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார். ஒரு பெண் படமெடுக்க, குடும்பமே மூட்டை கட்டிக்கொண்டு போனது.

அவர் வந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. வாய்விட்டுச் சொல்லாத கவலை ஒன்று அவருக்கும் இருந்தது. எங்கள் சந்து முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். செம்பூர் பக்கம் ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடியில் எங்களுக்கு வீடு சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டு வாசலுக்கு என்ன போடுவது என்பதுதான் அவருடைய கவலை.

தெற்கத்திக்காரர்களுக்குப் பிடிமண் என்றால் தெரியும். குலசாமியை விட்டுப் பிழைக்கப் போகிறவர்கள், கோயில் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துக் கோயில் எழுப்பிக்கொள்வார்கள். மண் வந்தால் சாமி வந்துவிட்டது என்று கணக்கு. கோயிலுக்குச் செய்கிற இந்தக் காரியத்தை என் மாமனார் வீட்டுக்கே செய்தவர். தாராவியில் இந்த வீட்டைக் கட்டியபோது, ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வாசற்படிக்கு அடியில் போட்டு மூடினார். எத்தனையோ மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, அடுத்த சந்து ஒருமுறை எரிந்திருக்கிறது, நாங்கள் அசையவில்லை. எல்லாம் அந்த ஒரு பிடி மண்ணால்தான் என்று என் வீட்டுக்காரர் நம்பினார்.

இப்போது ஊர்க்கோயிலில் பங்காளிகளுக்குள் வழக்கு. கோயிலுக்குப் பூட்டு. மண் எடுக்கக் குனிந்தால் அது யார் பங்கு மண் என்று கேட்பார்கள். “ஏழாவது மாடியில வாசப்படிக்குக் கீழ ஏதுங்க மண்ணு? ஆறாவது மாடிக்காரன் வீட்டு ஃபேன்தான் தொங்கும்” என்று நான் கேலி செய்தேன். எதற்கும் சிரிக்கிற மனுஷன், அதற்குச் சிரிக்கவில்லை.

பூங்காவுக்கு நாங்கள் போனது நல்ல வெயிலில். செம்மண்ணும் சரளையுமான மேட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. பட்டை தெரிந்தது, கணு தெரிந்தது, கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டு ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆனால் அத்தனையும் கல். சுற்றிலும் அதன் சில்லுகள், பெரிதும் சிறிதுமாக, மண்ணோடு மண்ணாக. ஒவ்வொன்றும் என் கண்ணுக்கு ஒரு குற்றமாகத்தான் தெரிந்தது. மகளின் செருப்பு அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வருமோ என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அவள் நிதானமாக வேலை செய்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட சின்ன அளவுகோல் ஒன்றை மரத்தின் ஓரமாக வைப்பாள். ஒரு பக்கமிருந்து ஒரு படம், சுற்றி வந்து எதிர்ப்பக்கமிருந்து ஒரு படம். பிறகு அடுத்த மரம். அவளுடைய அப்பா குடை பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். தோல் வாங்கும்போது செய்கிற மாதிரி ஒரு மரத்தைப் புறங்கையால் தடவிப் பார்த்தார். காவலாளி தூரத்திலிருந்தே விசில் அடித்தார்.

விசில் அடித்தவர் கிட்டே வந்ததும் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பேசினார். பக்கத்துக் கோயிலில் இருக்கும் காளி கொன்றுபோட்ட அசுரனின் எலும்பு இது என்று ஊரில் சொல்வார்களாம். ஆபீசர்கள் சொல்வது இரண்டு கோடி வருஷத்து மரம்.

“ரெண்டு கோடி வருஷமா இங்கனயே கெடக்கா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“பின்ன? எங்க சார் போவும்?”

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வெயில் என்று நினைத்தேன். பாம்பு வருமா, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டோமே, திரும்பிப் போக ஆட்டோ நிற்குமா என்று எனக்கு என் வேலை இருந்தது. அறிவிப்புப் பலகையைக்கூட நான் படிக்கவில்லை. மகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அவள் இங்கிலீஷ் பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் திண்டிவனத்தில் லாட்ஜுக்குத் திரும்பினோம். மறுநாள் சாயங்காலம் சென்னையில் ரயில். பயணத்துக்கு முந்தி எல்லாப் பைகளையும் ஒரு முறை தூக்கிப் பார்ப்பது என் வழக்கம். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் பை சரி. மகளின் பை சரி. அவருடைய பை, அவரே தைத்த பழுப்புத் தோல் பை, காலையில் இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

அவர் தைக்கிற பைகளில் அடித்தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே ஓர் அறை இருக்கும். வாங்குகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிப்பார். அங்கே கையை விட்டேன். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு கல்மரத் துண்டு. உள்ளங்கையை நிறைக்கிற அளவு, ஒரு பக்கம் பட்டையின் வரிகூட இருந்தது. மஞ்சள் துணி கடைத்தெருவில் வாங்கியதல்ல, எங்கள் வீட்டுத் துணி. ஆக, எதையாவது எடுத்து வருவது என்று மும்பையிலேயே முடிவு செய்துதான் மனுஷன் ரயில் ஏறியிருக்கிறார்.

மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் அந்தக் கல்லை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“கத்தாத ஏட்டி. காளி கோயிலுக்குப் பக்கத்து மண்ணு. ரெண்டு கோடி வருஷமா எடத்த விட்டு அசையாத பொருளு. நம்ம வாசல்ல கெடந்தா நம்மளையும் எவனும் அசைக்க மாட்டான்.”

“புள்ள பட்டம் போயிருமேங்க. உங்க கண்ணுக்கு அது தெரியலியா?”

“அங்கன தரையெல்லாம் கெடக்கு. ஒண்ணு போனா எவனுக்குத் தெரியும்?”

நான் அழுதேன். கோபத்தில் வருகிற அழுகை, சத்தம் போடமுடியாத இடத்தில் வருவதால் இன்னும் கோபம். அவர் துண்டை வாங்கி மறுபடி முடிந்து உள்ளே வைத்தார். குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் இருவரும் டிவியைப் பார்த்தோம். டிவி அணைந்திருந்தது.

அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்டேஷனில் பைகளை மெஷினுக்குள் அனுப்புவார்கள், கல் திரையில் தெரியும், போலீஸ்காரர் ஓரமாக வரச் சொல்வார், மகளின் பெயரைக் கேட்பார். ஏதாவது ஏரியில் எறிந்துவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு கோடி வருஷமாக இருக்கிற ஒன்றை நான் போய்த் தண்ணீரில் போடுவதா என்று அதையும் விட்டேன். மகளிடம் சொல்லலாமா என்றால், சொன்னால் அவளும் கூட்டு. தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு.

அவள் கட்டிலில் உட்கார்ந்து அன்றைக்கு எடுத்த படங்களை லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று மூடி வைத்துவிட்டாள். வாங்கி வந்த பரோட்டாவைத் தொடவில்லை. என்னவென்று கேட்டேன். “ஒண்ணுமில்லம்மா, தலவலி” என்றாள். வெயிலில் நின்றது என்று நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டேன். பயத்தில் என் விரல்கள் சில்லிட்டிருந்தன. அவளுக்கு அது இதமாக இருந்ததோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டாள்.

காலையில் ஒரு முடிவோடுதான் எழுந்தேன். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் மட்டும் போய், எங்கேயாவது ஒரு மரத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவது. புடவையைக் கட்டிக்கொண்டு திரும்பினால், மகள் தலை சீவி, காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, ட்ரெய்ன் சாயங்காலம்தானே. நாம திரும்பப் பார்க் போகணும். அப்பாவும் வரணும்.”

லேப்டாப்பைத் திறந்து எங்கள் இருவருக்கும் காட்டினாள். ஒரு படத்தில் மரம், அளவுகோல், பக்கத்தில் பட்டை வரி தெரிகிற துண்டு. அடுத்த படம் அதே மரம், எதிர்ப்பக்கமிருந்து. அளவுகோல் இருந்தது, துண்டு இல்லை. ஓரத்தில் ஒரு செருப்பு முனை. குறுக்கு வார் போட்டு அவரே தைத்த செருப்பு. உலகத்தில் வேறு எவன் காலிலும் அது இருக்க முடியாது.

“எப்ப பார்த்த?” என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலமே.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீ டென்ஷன் ஆவேன்னுதான்.”

அதைக் கேட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரே அறையில் நான் அவளுக்குத் தெரியக்கூடாது என்றும், அவள் எனக்குத் தெரியக்கூடாது என்றும் படுத்திருந்திருக்கிறோம். நான் தைலம் தேய்த்தது வெயிலுக்கு அல்ல.

“மேடத்துக்கு போன் பண்ணிட்டேன்” என்றாள் அடுத்ததாக. “எல்லாம் சொல்லிட்டேன். பஹ்லே வாபஸ் ரக்கோ, பாத் மே பாத் கரேங்கேனு சொன்னாங்க. அவ்ளோதான்.” முதலில் திருப்பி வை, பிறகு பேசலாம். பிறகு என்ன பேசுவார் என்று அவளுக்கும் தெரியவில்லை. அவளுடைய அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் இப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். குலுங்கும்போதெல்லாம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

காவலாளி எங்களைப் பார்த்ததும் சிரித்தார். “இன்னா சார், கொட மறந்துட்டீங்களா?”

இவர் மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினார். அந்தச் சிரிப்பு அப்படியே போய்விட்டது. “அய்யய்யோ, இன்னா சார் இது. என் வேலைக்கு ஒல வெக்கப் பாத்தீங்களே” என்றார். தன்னை மீறி எப்படிப் போனது என்று அவருக்குப் பயம். அதிகாரிக்கு போன் செய்தார். கேட்டைச் சாத்தினார். நாங்கள் உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டோம். துண்டு என் வீட்டுக்காரர் மடியிலேயே இருந்தது. அதை யார் கையில் கொடுப்பது என்று காவலாளிக்கும் தெரியவில்லை.

எதிரே அறிவிப்புப் பலகை. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு என்ன தோன்றியதோ, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, இதெல்லாம் இங்க மொளச்ச மரமே இல்ல தெரியுமா. எதுக்காவது வேர் இருக்கா பாருங்க. கிளைகூட இல்ல. எங்கயோ இருந்தது, வெள்ளத்துல அடிச்சிட்டு வந்திருக்கு. மேல மண்ணு மூடி, இங்கயே கல்லாயிருச்சு.”

அவர் வெகுநேரம் அந்த மரங்களைப் பார்த்தார்.

“அப்ப இதுவும் வெளியூர்ல இருந்து வந்ததுதானா?”

“ஹாம்” என்று தலையாட்டினாள்.

“பெறவு எதுக்கு இவ்ளோ பெரிய வேலி, காவல் எல்லாம்?”

“இப்ப இங்கத்ததுதானப்பா.”

அவர் மடியிலிருந்த துண்டைத் திருப்பிப் பட்டை வரியைப் பார்த்தார்.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். என் வயதுப் பெண்மணி. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. “சார், இது குத்தம்னு கேட்லயே எழுதியிருக்கு. எதுக்கு எடுத்தீங்க? விக்கவா?” என்றார்.

“வாசப்படிக்கு” என்றார் இவர். பிடிமண், பங்காளி வழக்கு, ஏழாவது மாடி எல்லாவற்றையும் ஒழுங்கில்லாமல் சொன்னார். கடைசியில் எழுந்து நின்று, “எம் புள்ளைக்குத் தெரியாது மேடம். எழுதுறதா இருந்தா எம் பேர எழுதுங்க. அவ பேர எழுதிராதீங்க” என்றார். காசுக்கும் ஆளுக்கும் பயப்படாமல் தாராவியில் பட்டறை நடத்துகிறவர் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதே நேரம் இரண்டு அறை விடலாம் என்றும் இருந்தது.

அதிகாரி மகள் பக்கம் திரும்பினார். “இது எங்க இருந்துச்சுன்னு உனக்காவது தெரியுமா? எங்கயோ ஒரு எடத்துல வெச்சா, அது வெக்காத மாதிரிதான்.”

நான் என் திட்டத்தை நினைத்துக்கொண்டேன். எங்கேயாவது போட்டுவிட்டு ஓடி வருவது.

மகள் படத்தைத் திறந்தாள். நால்வரும் அந்த மரத்துக்குப் போனோம். அவள் மண்டியிட்டு அளவுகோலைப் பழைய இடத்தில் வைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் துண்டைத் திருப்பினாள். கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். மண்ணில் அது இருந்த பள்ளம் இன்னும் இருந்தது. துண்டு அதில் பொருந்தி உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்தாள்.

அதிகாரி படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒங்க மேடத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும்மா.”

“காலையிலயே நான் சொல்லிட்டேன் மேம்.”

அதிகாரி அவளையே பார்த்தார். “அப்ப நான் சொல்ல ஒண்ணும் இல்ல” என்றார் கடைசியில். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சேர்த்துக்கொண்டார்: “அடுத்த தடவ தனியா வா. அப்பாவக் கூட்டிட்டு வராத.”

மும்பை வந்து சேர்ந்த பிறகும், மேடம் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிய நாள் வரை, நான் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் அவள் வந்து, ஆய்வைத் தொடரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். திட்டு நிறைய விழுந்திருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது. அவளுடைய அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, “டீ குடிக்கியா?” என்று மட்டும் கேட்டார்.

வீட்டைக் காலி செய்கிற நாள் வந்தது. சாமான் எல்லாம் டெம்போவில் ஏறிய பிறகு, அவர் உளியும் சுத்தியலுமாக வாசற்படியில் உட்கார்ந்தார். ஓரத்து டைலைப் பெயர்த்து, அதற்கடியில் இருந்த சிமெண்டையும் உடைத்தார். கீழே ஈரமான கறுப்பு மண். அதில் சிப்பித் துணுக்கு, தோல் வெட்டிய துண்டுகள், துருப்பிடித்த ஒரு ரிவிட் ஆணி. மாமனார் கொண்டுவந்த ஊர்மண் சிவப்பு என்று சொல்வார்கள். சிவப்பாக எதுவும் தெரியவில்லை. எது ஊர், எது தாராவி என்று பிரிக்க முடியாதபடி ஒன்றாகிக் கிடந்தது.

அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். அதே துணி. மண்ணில் கையை வைக்கப் போனவரை மகள் தடுத்தாள்.

“ஒரு நிமிஷம் அப்பா.”

பையிலிருந்து அந்தக் கறுப்பு வெள்ளை அளவுகோலை எடுத்து, பெயர்த்த குழியின் ஓரமாக வைத்தாள். ஒரு பக்கமிருந்து ஒரு படம் எடுத்தாள். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். அவள் அவசரப்படாமல் சுற்றி வந்து எதிர்ப்பக்கமிருந்தும் எடுத்தாள்.

“இப்ப எடுங்க” என்றாள்.

அவர் ஒரு பிடி எடுத்து வைத்து முடிந்தார். நான் வாங்கி முடிச்சை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன்.